வாடிவாசலும் வரலாற்று நாவலும்

ஆடல் ஒன்றின்மேற் கொண்ட வேட்கையும் பண்டைக் காலத்தைக் கதையாக்கும் விருப்பும் ஓர் ஆசிரியர்பால் ஒருங்கே அமையுமாயின், ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகுமோ, தடையாகுமோ? மேனாட்டார் இவ்வினாவிற்குப் பேஸ்பால் ஆட்டத்தின் வாயிலாக விடை கண்டுள்ளனர். கனடா நாட்டவராகிய கின்செல்லா 1982-இல் வெளியிட்ட 'ஷூலெஸ் ஜோ' என்னும் நாவல், 1919-ஆம் ஆண்டுப் போட்டியில் கையூட்டுப் பெற்றதாகப் பழிக்கப்பட்டு விலக்கப்பெற்ற ஆட்டக்காரரைக் கதைக்குள் மீண்டும் களமிறக்குகின்றது. தமிழில் இவ்விரு விருப்பும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் சி. சு. செல்லப்பா (1912–1998) ஆவர். அவருடைய 'வாடிவாசல்' நூலாக வெளிவந்தது 1959-இல். விடுதலைப் போரின் 1927 முதல் 1934 வரையுள்ள பகுதியைப் பொருளாகக் கொண்ட 'சுதந்திர தாகம்' மூன்று பாகங்களாக 1997-இல் வெளிவந்தது.

முன்னது சல்லிக்கட்டுக் கதை எனவும், பின்னதே வரலாற்று நாவல் எனவும் பகுத்து வைப்பது வழக்கம். இப்பகுப்பு பொருந்தாது என்பது எம் கருத்து.

நம் வரலாற்று நாவல்களில் ஆடல் பெறும் இடத்தை முதற்கண் நோக்குவோம். குற்றாலத்தில் இரசிகமணி டி. கே. சி.யின் நட்பு வட்டத்தில் ஒருவராக விளங்கிய கல்கி, 'சிவகாமியின் சபத'த்தில் பெருமல்லன் எனப் பொருள்படும் மாமல்லன் என்னும் பெயர் பூண்ட பல்லவனைத் தலைவனாக்கினார். ஆயினும் அந்நாவலை இயக்குவது மற்போர் அன்று, நடனக் கலையேயாம். கல்கியின் உள்ளம் தோய்ந்தது அக்கலையிலே. மற்போர் பட்டப்பெயரின் அளவிலே நின்றுவிட்டது. ஆசிரியன் உள்ளம் தோயாத ஆடல் கதையில் அணிகலனாகவே அமையும் என்பதற்கு இதுவே சான்று.

செல்லப்பாவின் நிலை வேறு. பிச்சி என்னும் இளைஞன், தன் தந்தை அம்புலியைக் கொன்ற காரி என்னும் காளையை அடக்க வருகின்றான். காரி இப்போது ஜமீன்தாரின் காளை. இந்த ஒன்றிலேயே அக்காலத்தின் சமுதாய அமைப்பு முழுதும் அடங்கிக் கிடக்கின்றது. திமிலை அணைந்து தவ்வுகளைத் தாங்குபவன் வென்றான் என்பது களத்தின் விதி. ஜமீன் காளையைத் தொட எவனும் துணியலாகாது என்பது ஊரின் விதி. இரண்டும் மோதும் இடமே வாடிவாசல். ஆட்டத்தின் நுட்பம் அறியாதவர் இம்மோதலைச் சொற்பெருக்கால் விளக்க முற்பட்டிருப்பர். செல்லப்பாவோ காளையின் பாய்ச்சலையும் பிடிப்பவன் காலடியையும் காட்டிவிட்டு அமைகின்றார்; மற்றது தானே புலனாகின்றது.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் சென்னை மாநிலத்தில் இயற்றப்பெற்றது 1948-இல். ஆகவே நூல் அச்சேறிய காலத்தில் அக்கதையின் ஜமீன்தார் இறந்த காலத்தவராகிவிட்டார். அரசனும் வாளும் இன்மையாலேயே வரலாற்று நாவல் வரிசையில் இதற்கு இடமில்லை என்பார் உளராயின், அவர் வரலாற்றை அரண்மனைக்குள் அடைத்துவிட்டவர் ஆவர்.

முல்லைக்கலியோடு ஒப்பிட்டு நோக்கின் இது மேலும் தெளிவாகும். 'காரி' என்னும் பெயர் ஆண்டும் உண்டு. ஆனால் ஆண்டு ஏறு தழுவியவன் பெறுவது ஆயர் மகளை. ஏறுகளின் நிறமோ தெய்வங்களின் நிறத்தோடு உவமிக்கப்பெறும். வாடிவாசலில் மணமும் இல்லை, காதலும் இல்லை. பந்தயப் பொருள் மானம் ஒன்றே. ஆயர்தம் மணவிழாவாக இருந்த ஆடல், உடைமையாளனின் பெருமைக்கும் உடைமையற்றவனின் மானத்திற்கும் இடையே நிகழும் போராக மாறிய நெடிய வரலாறு, இரு நூல்களையும் அடுத்தடுத்துப் பயில்வார்க்குப் புலனாகும்.

குறையும் உண்டு. முற்பகுதியில் கிழவர் பேச்சு பழைய காலத்தின் நினைவுக் களஞ்சியமாக நிற்பினும், சிற்சில இடங்களில் புதியவர்க்குப் பாடம் புகட்டும் உரையாக நீள்கின்றது. எனினும் அச்சன்புதூரில் அமர்ந்து இதனை எழுதும் எமக்கு அப்பாடமும் வேண்டியிருந்தது. தென்காசி, குற்றாலம் சூழ்ந்த இம்மலையடிவாரத்தில் வாடிவாசல் அமைத்துக் காளை விடுதல் மதுரை நாட்டிற்போலப் பெருவழக்கன்று. களத்தைக் கண்ணாற் காணாதவனையும் வேலியோரத்தில் நிறுத்தும் ஆற்றல் நூலுக்கு உண்டா என்பதே உண்மையான சோதனை. வாடிவாசல் அதில் தேறுகின்றது.

'சுதந்திர தாகம்' அவ்வாறு தேறவில்லை என்றே கூற வேண்டும். செல்லப்பா தாமே விடுதலைப் போரில் சிறை சென்றவர். அந்நூலுக்கு 2001-இல், அவர் மறைந்தபின், சாகித்திய அக்காதெமிப் பரிசும் கிடைத்தது. உண்மைக்கும் உழைப்பிற்கும் அதில் குறைவில்லை. ஆயினும் நிகழ்ச்சிகளின் வரிசை ஆங்கே கதையை இழுத்துச் செல்கின்றது. களத்தைப் போல அனைத்தையும் ஓரிடத்தில் குவிக்கும் வட்டம் இல்லை.

2014-இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையையும் 2017-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையும் அடுத்து, வாடிவாசலைக் கொடியாக ஏந்தினோரும் உண்டு. அவர்கள் இறுதிப் பக்கத்தை மறந்தனர் போலும். பிச்சியிடம் தோற்ற காரியைக் கொல்வது பிச்சி அல்லன். ஜமீன்தாரே தம் கையால் அதனைச் சுடுகின்றார். பிச்சியோ குருதி சிந்திக் கிடக்கின்றான்.