மூட்டுத் தெரியாத தரை

லுங்கி மூட்டும்போது தையல்காரர் முதலில் பார்ப்பது கட்டத்தைத்தான். இரண்டு ஓரமும் சேரும் இடத்தில் கட்டம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பில் சுற்றியதுமே கோணல் காட்டிக்கொடுத்துவிடும். விசைத்தறி ஓடும் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீடியோ கேமுக்குத் தரையும் சுவரும் செய்கிறவர்களின் வேலையும் இதுதான். அவர்கள் நான்கு ஓரங்களையும் மூட்ட வேண்டும், அவ்வளவே வித்தியாசம். வலது ஓரம் இடதோடும் மேல் ஓரம் கீழோடும் பொருந்தும் சதுரப் படம் ஒன்று கிடைத்துவிட்டால், அதையே எத்தனை முறை வேண்டுமானாலும் பரப்பிக்கொள்ளலாம். டைலிங் டெக்ஸ்சர் என்று தொழிலில் இதைச் சொல்கிறார்கள்.

இதன் பலம் கணக்கில் தெரியும். பள்ளிப்பட்டுப் பக்கம் புறப்படும் கொசஸ்தலை ஆற்றின் மணற்படுகையை, ஒரு சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஒரு கேமில் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சென்டிமீட்டருக்கு ஒரு பிக்சல் என்ற சுமாரான நுணுக்கத்துக்கே 1,000 கோடி பிக்சல் தேவை. பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுருக்காமல் வைத்தால் 40 ஜிபி. அதே மணலை 1024-க்கு 1024 பிக்சலில் ஒரே டைலாகச் செய்தால் 4 எம்பி. சுமார் பத்து மீட்டர் பக்கமுள்ள அந்தச் சதுரத்தைப் பத்தாயிரம் தடவைக்குள் பரப்பினால் படுகை நிறைந்துவிடும். பெரிய நிறுவனத்தின் பணமோ ஆள்பலமோ இல்லாத ஒருவர் வீட்டுக் கணினியில் ஒரு முழு ஊரை எழுப்ப முடிவது இதனால்தான்.

செய்முறையும் கடினமல்ல. நிழல் விழாத மேகமூட்டமான நாளில், தரையை நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பின் ஆஃப்செட் வசதியால் படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்தினால், பழைய ஓரங்கள் நடுவில் வந்து பொருந்தாமல் நிற்கும். புதிய ஓரங்களோ பழைய படத்தில் அடுத்தடுத்து இருந்தவை, தாமாகவே பொருந்தும். பிறகு நடுவில் தெரியும் வெட்டுக்கோடுகளை, படத்தின் வேறு பகுதிகளை எடுத்து ஒட்டி மறைத்தால் போதும்.

ஆக, மூட்டை மறைப்பது தீர்ந்துபோன சிக்கல். தீராதது, ஒன்றே திரும்பத் திரும்ப வருவது. மணலில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் இருந்தால், பத்து மீட்டருக்கு ஒரு முறை அதே கல் அதே சாய்வில் கிடக்கும். தரையில் நடக்கும்போது இது கண்ணில் படாமல் போகலாம். திருத்தணி போன்ற ஒரு மலைமேல் ஏறி நின்று கீழே பார்த்தால் முழு நிலமும் வரிசை வரிசையாகக் கட்டம் கட்டிக்கொள்ளும். அதனால் டைல் செய்பவர் அந்தக் கல்லை எடுத்துவிடுகிறார். அடுத்து கிளிஞ்சலை, சக்கரத் தடத்தை, காய்ந்த சாணியை. கடைசியில் மிஞ்சுவது எந்த ஆற்றுக்கும் சொந்தமில்லாத மணல். இந்த முறையின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. தர்க்கவியலாளர் ஹாவ் வாங் 1961-இல் முன்வைத்த, ஓரங்களுக்கு நிறம் குறித்த சதுரங்களை, 2003-இல் மைக்கேல் கோஹன் குழுவினர் டெக்ஸ்சருக்குக் கொண்டுவந்தார்கள். எட்டே டைல்களைக் கொண்டு ஒரே ஒழுங்கில் திரும்பிவராத பரப்பை உண்டாக்கலாம். ஆனால் கண்ணில் நிற்கும் கல் அதிலும் பல இடங்களில் தலைகாட்டும், வரிசைதான் கலையும். ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ரேஜ் என்ற கேம் இதற்கு நேரெதிர்ப் பாதையில் போனது. திரும்ப வராத, இடத்துக்கு இடம் தனித்த மேற்பரப்பு வேண்டுமென்று மெகாடெக்ஸ்சர் முறையைக் கையாண்டது. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு அது மூன்று வட்டுகளில் வந்தது. தொலைவில் அழகாக இருந்த பாறை கிட்டப் போனால் மங்கியது. சட்டெனத் திரும்பினால் படம் தாமதமாக வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்வதும் தீர்வல்ல என்பதற்கு அது சாட்சி.

திரும்ப வருவதே குற்றம் என்று சொல்லிவிடவும் முடியாது. எட்வின் கேட்மல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வேட்டில் வளைந்த பரப்பின்மேல் படத்தைப் பொருத்தும் டெக்ஸ்சர் முறையை எழுதிய அதே 1974-இல், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களுக்குக் கணினி இலக்கணம் வகுத்த ஆய்வை வெளியிட்டார்கள். சிறு வடிவம் விதிப்படி பெருகிப் பெரிய கோலமாவதை அவர்கள் கணிதமாக்கினார்கள். கோலத்தில் திரும்ப வருவதுதான் அழகு; யாரும் அதை மறைக்கப் பார்ப்பதில்லை. கட்டம் போட்ட துணி, ஆத்தங்குடிக் கல், கோயில் மதிலின் காவி, வெள்ளைப் பட்டை ஆகியவையும் அப்படியே. திரும்பத் திரும்பச் செய்தே உண்டான இந்தப் பொருள்களில் டைல் பொய் சொல்வதில்லை.

அது பொய் சொல்வது தேய்மானத்தில். அதே மதிலில் மழைநீர்க் கறை தூம்புக்குக் கீழே மட்டும்தான் இறங்கும். படிக்கட்டு, கால் படும் நடுப்பகுதியில்தான் தேயும். எண்ணெய்ப் பிசுக்கு விளக்கு மாடத்தைச் சுற்றித்தான் இருக்கும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணமும் ஓர் இடமும் உண்டு. டைலுக்கு இடம் தெரியாது. ஆகவே தூம்பே இல்லாத சுவரிலும் கறையைப் பரப்பிவிடும். பாலி ஹேவன் போன்ற தளங்களில் இலவசமாகக் கிடைக்கும் டெக்ஸ்சர்களை அப்படியே எடுத்துப் போடும்போது இது இன்னும் கூடுகிறது. வேறெங்கோ பெய்த மழையின் கறை நம்மூர்ச் சுவரில் ஏறிவிடுகிறது.

எனவே டைலை விடத் தேவையில்லை, அதன் எல்லையை அறிந்தால் போதும். மணல், காரை, செங்கல் என்ற பொருளை டைல் தரட்டும். கறை, விரிசல், தேய்மானம் ஆகியவற்றை அதன்மேல் தனித்தனி ஒட்டுப்படங்களாக, காரணம் இருக்கும் இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். டைல் மிச்சப்படுத்தும் நினைவகத்தையும் நாள்களையும் அங்கே செலவிடலாம். மூட்டை இன்னும் நேர்த்தியாக மறைக்க ஒரு வாரம் உழைப்பதைவிட, ஊருக்குள் நடந்து எந்தச் சுவரில் எங்கே ஏன் கறை படிகிறது என்று குறித்துக்கொள்ள ஒரு நாள் ஒதுக்குவது கேமுக்கு அதிகம் உதவும்.