கோலமும் கூலியும்: துணிவடிவங்கள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

கலைஞனொருவன் பிறர் படைப்பினால் தூண்டுதல் பெறுவதை நம் விமர்சகர்கள் பெரும்பாலும் இரு உள்ளங்களுக்கிடையே நிகழும் உறவாகவே விளக்கி வந்துள்ளனர். செல்வாக்கு, தாக்கம், மரபுத் தொடர்ச்சி என்னும் சொற்கள் அவ்விளக்கத்துக்குக் கைகொடுக்கின்றன. துணியில் அமையும் கோலங்களை நோக்கும்போது இவ்விளக்கத்தின் போதாமை உடனே வெளிப்படுகிறது. துணி ஒரு பண்டம். நெய்தவனையும் சாயமிட்டவனையும் விற்றவனையும் உடுத்தவளையும் விட்டுவிட்டு அதன் கோலத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பேசவியலாது.

வில்லியம் மொறிஸ் இதற்குத் தக்க சான்று. 1883ஆம் ஆண்டு அவர் ஜனநாயக சம்மேளனத்திற் சேர்ந்து சோஷலிசப் பாதையிற் கால்வைத்தார். 'ஸ்ட்ரோபெரித் திருடன்' என்னும் புகழ்பெற்ற துணிக்கோலமும் அதே ஆண்டினதே. துணி முழுவதையும் அவுரி நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடங்களில் நீலத்தை வெளிற்றி, பின்னர் ஏனைய நிறங்களை ஏற்றும் கடின முறையில் அது அச்சிடப்பட்டது. மொறிஸின் மேதைமை பற்றி ஐயமில்லை. ஆயினும் பூவும் கொடியும் மீளமீள வரும் பருத்தித் துணியில் ஆங்கிலேயருக்கு விருப்பை ஊட்டியவை சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வண்ணத் துணிகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவற்றின் போட்டிக்கு அஞ்சியே ஆங்கிலப் பாராளுமன்றம் 1700இலும் 1721இலும் தடைச் சட்டங்களை இயற்றியது. தடையின் நிழலில் ஆங்கில அச்சாளர்கள் அக்கோலங்களைப் படிசெய்யக் கற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திரத் துணியாக அவை சோழமண்டலக் கரைக்கே திரும்பி, அங்கிருந்த தறிகளை ஓயச் செய்தன. அவுரியின் கதையோ இன்னும் கசப்பானது. அதனைப் பயிரிட மறுத்து வங்காள விவசாயிகள் 1859இற் கிளர்ந்தெழுந்தனர்.

மொறிஸிடமிருந்து தூண்டுதல் பெற்றவர் நம் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையிற் கனிப்பொருள் அளவைப் பணியை நடத்தியவர், கண்டிச் சிங்களக் கைவினைகளை ஆராய்ந்து 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை 1908இல் வெளியிட்டார். மொறிஸின் கெல்ம்ஸ்கொற் அச்சகத்துக்கு உரியதாயிருந்த அச்சுப்பொறியிலேயே அது அச்சாயிற்று. நெசவையும் தையல் வேலையையும் அழகியற் பொருள்களாக மட்டும் காணாது, சமூக அமைப்பையும் கைவினைஞரின் நிலையையும் சேர்த்தே அவர் எழுதினார். அவருடைய கருத்துமுதல்வாதத்தை ஏற்காதவர்களும் இதனை மதித்தல் வேண்டும்.

ஆயினும் ஒன்று. அவர் சான்றுகள் திரட்டிய ஆண்டுகளில் மலைநாட்டுச் சரிவுகளைத் தேயிலை ஏற்கெனவே மூடியிருந்தது. லிப்டனின் தம்பேதென்னைத் தொழிற்சாலை 1890இல் எழுந்தது. பெரகல சந்தியில் ஒரு வழி அப்புத்தளைக்கும் மற்றொன்று கொஸ்லந்தைக்கும் பிரிகிறது. இரு வழியிலும் தோட்டங்கள்; தோட்டங்களில் லயங்கள். அங்கு வாழ்ந்தோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் நிலமற்ற உழவுக் கூலிகள். பதினெட்டாம் நூற்றாண்டில் எஞ்சியிருந்த சிங்களக் கலைகளைப் பற்றிய நூலில் அவர்கள் இடம்பெறாதது குற்றமன்று. ஆனால் மரபு என்பதற்கு அன்று அவர் ஒரு நூலின் தேவைக்காக இட்ட எல்லையை, இன்று நாம் ஆய்வின் எல்லையாகவே காத்து நிற்பது குறைதான்.

தறியில்லாத மக்களிடம் துணிமரபு உண்டா என்று கேட்கப்படுகிறது. கம்பளியை எடுத்துக்கொள்வோம். மழைக்கும் குளிருக்கும் தோட்டத்தில் வழங்கப்பட்டு, கூலியிலிருந்து விலை கழிக்கப்பட்ட முரட்டுப் போர்வை அது. துரைமாரின் ஆங்கிலத்திலும் அத்தமிழ்ச் சொல்லே 'கம்ளி' என நுழைந்தது. கடன் கணக்கிற் பதிவான துணி அது, உடுத்தவள் தேர்ந்ததன்று. இடுப்பிற் கட்டும் படங்கும் அத்தகையதே. ஆனால் அதன் மேலும் கீழும் அவள் அணிவனவற்றில் அவளுடைய தேர்வு உண்டு. பச்சை நிரைகளுக்கிடையே தலைத்துண்டின் சிவப்பையும் சட்டையின் மஞ்சளையும் தற்செயலென்று சொல்ல நான் உடன்படேன். உடுத்துப் பழசான சேலை அங்கே வீணாவதில்லை. ஒற்றைக் காம்பராவை இரண்டாக்கும் திரையாகிறது, பிள்ளைக்குத் தொட்டிலாகிறது. எத்திசைக்கு எக்கரை வரவேண்டும் என்பதிலும் ஒரு கண் இருக்கிறது. இதனைக் கோலம் என்று கொள்ளாத அழகியல் பொருட்காட்சிச்சாலைக்கு மட்டுமே உதவும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தவர்; அவற்றின் ஊட்டத்தைத் தம் ஆங்கிலக் கவிதைக்குள் கொண்டு சென்றவர். அப்பாடல்களைப் பாடிய பெண்கள் அந்த ஆங்கிலத்தைப் படித்திருக்க முடியாது. அவ்வகையில் அவரும் கோலத்தைக் கடல்கடந்த சந்தைக்கு அனுப்பினாரெனக் குறைகூற இடமுண்டு. குறைகூறுவோர் இரண்டை மறக்கலாகாது. அவர் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவர், தொழிற்சங்கவாதி. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். எவருடைய பாடலை எடுத்தாரோ அவருடைய குடியுரிமைக்காக வாதாடியவர். மேலும், சக்தீ பாலையாவின் தமிழாக்கத்தின் வழி அக்கவிதை மலையகத்துக்கே மீண்டது. சோழமண்டலக் கோலமும் புறப்பட்ட இடத்துக்கு மீண்டதுதான். அது தறியை ஓயச் செய்தது. இதுவோ மலையகத்து எழுத்தாளர் பலருக்கு எழுதத் துணிவு தந்தது. தூண்டுதல் என்பதை ஆராயப் புகுவோர் இவ்விரு மீட்சிகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும்.

கூடை சுமந்த பெண்ணின் நிழலுரு இன்று விடுதிச் சுவர்களிலும் தேயிலைப் பெட்டிகளிலும் நம் ஆய்வு நூல்களின் அட்டைகளிலும் ஒரே அச்சாகத் திரும்பத் திரும்ப வருகிறது. தோட்டங்கள் பலவற்றிற் கூடைக்குப் பதிலாகப் பை வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அட்டைப்படத்தில் மட்டும் கூடை இன்னும் இறங்கவில்லை.