கருக்கலைப்புச் சேவையின் தரமும் பெண்களின் மனநிறைவும்: அளவுகோல் குறித்த திறனாய்வு

முன்னுரை

இந்தியாவில் கருக்கலைப்பு, 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தால் நெறிப்படுத்தப்படுகிறது. சட்டம் இயற்றப்பட்டு அரை நூற்றாண்டு கடந்த நிலையில், சேவை கிடைக்கிறதா என்னும் வினாவோடு, அது எத்தகைய தரத்தில் கிடைக்கிறது என்னும் வினாவும் முதன்மை பெறுகிறது. தரத்தை அறியச் சேவை பெற்ற பெண்களின் மனநிறைவை அளப்பது பரவலான ஆய்வுமுறையாகும். அவ்வளவுகோல் எதனை அளக்கிறது, எதனை அளக்கத் தவறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மனநிறைவும் தரமும்

அவேடிஸ் டோனபீடியன் 1966இல் மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பகுத்தார். குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவைகளின் தரத்திற்கு ஜூடித் புரூஸ் 1990இல் வகுத்த ஆறு கூறுகளுள் முறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, தரப்படும் தகவல், தொழில்நுட்பத் திறன், பணியாளர் நடந்துகொள்ளும் விதம் ஆகியன அடங்கும். இவற்றுள் தொழில்நுட்பத் திறனைச் சேவை பெறுபவர் மதிப்பிடுவது அரிது. கருவியால் கருப்பையைச் சுரண்டும் பழைய முறையைக் கைவிட்டு, வெற்றிட உறிஞ்சல் முறையையோ மாத்திரைகளையோ பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மாற்றுமுறை உண்டென்பதே சொல்லப்படாத பெண், சுரண்டல் முறைக்கு உட்பட்ட பின்னரும் 'நிறைவு' என்று விடையளிக்கக்கூடும். அவ்விடை பொய்யன்று, ஆயினும் தரத்திற்குச் சான்றுமன்று. ஏச்சை எதிர்பார்த்து வந்தவருக்கு ஏச்சு விழாமையே நிறைவாகிவிடுகிறது.

வினவப்படாதோர்

மருத்துவமனையில் நிகழ்த்தப்படும் நேர்காணல், அங்குச் சேவை பெற்றவரை மட்டுமே சென்றடைகிறது. 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2015இல் இந்தியாவில் நிகழ்ந்த ஏறத்தாழ 1.56 கோடி கருக்கலைப்புகளுள் 73 விழுக்காடு மருத்துவமனைகளுக்கு வெளியே மாத்திரைகளால் நிகழ்ந்தவை. அப்பெண்களின் அனுபவம் இத்தகைய நேர்காணலின் எல்லைக்கு அப்பால் நிற்கிறது.

திருப்பி அனுப்பப்பட்டோரும் அவ்வாறே விடுபடுகின்றனர். 18 வயது நிறைந்த பெண்ணுக்குப் பொதுவாக அவருடைய ஒப்புதலே போதுமெனச் சட்டம் கூறுகிறது. 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் மணமாகாதவரை விலக்கலாகாதென உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29இல் தீர்ப்பளித்தது. கணவரின் கையொப்பம் கேட்டோ, மணமாகாதவர் என்று காரணங்காட்டியோ மறுக்கப்படும் பெண்ணே சேவையின் குறையை நேரில் கண்டவர். அவரை விலக்கிவிட்டுக் கணக்கிடப்படும் விழுக்காடு உயர்ந்திருப்பதில் வியப்பில்லை.

வினாவின் மொழி

தமிழில் வினா தொடுக்கும் ஆய்வாளர் மற்றொரு சிக்கலையும் எதிர்கொள்கிறார். 'திருப்தியா?' என்னும் வினாவிற்கு எளிதில் கிடைக்கும் விடை 'பரவாயில்லை' என்பதாகும். இச்சொல் 'நன்று' என்றும், 'குறை சொல்வதற்கில்லை' என்றும், 'பொறுத்துக்கொண்டேன்' என்றும் பொருள்படும். ஐந்து படிநிலை அளவுகோலில் இதனை எங்குக் குறிப்பது என்பது வினவுபவரின் முடிவாகிவிடுகிறது. வினவுபவர் மருத்துவமனைப் பணியாளராயின், மீண்டும் அங்கு வர நேரலாம் என்னும் எண்ணமும் விடையைத் தணிக்கும்.

முடிவுரை

மனநிறைவைக் கைவிட வேண்டியதில்லை. அதனைத் தனிச்சான்றாகக் கொள்வதே பிழை. வலி தணிக்க மருந்து தரப்பட்டதா, முறைகள் விளக்கப்பட்டனவா, பிறர் காதில் விழாமல் பேச இடமிருந்ததா, கருத்தடை ஏற்குமாறு வற்புறுத்தப்பட்டதா என நிகழ்ந்தவற்றை வினவுதல் வேண்டும். சேவை மறுக்கப்பட்டோரையும் மருந்துக்கடையை நாடியோரையும் ஆய்வுக்குள் கொணர்தல் வேண்டும். அப்போதுதான் பெண்களின் விடை, நிறுவனத்திற்கு அளிக்கும் நற்சான்றாக நின்றுவிடாமல், சேவையைத் திருத்தும் சான்றாக அமையும்.