அளவுகோல் யார் கையில்?

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர், சிறு பிராயத்தில் நம்மிடம் ஓதியவர், அண்மையில் நம்மைக் காண வந்திருந்தார். பேச்சு பஸ், சம்பளம் என்று சுற்றி வேலைக்கு வந்தது. "நான் துளை போடும் ஒவ்வொரு பீஸையும் நானே கேஜ் வைத்துப் பார்த்துத்தான் அடுத்தவரிடம் தள்ள வேண்டும், ஹழ்ரத். கேஜின் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. கடைசியில் இன்ஸ்பெக்ஷனும் உண்டு" என்றார். இரண்டு சோதனை எதற்கு என்றோம். "கடைசியில்தான் தெரியுமென்றால், அதற்குள் நூறு பீஸ் வீணாகியிருக்குமே!"

அவ்விடை நம் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சிந்திக்க வைத்தது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலை வாயில்கள் கேட்பது மதிப்பெண் சான்றிதழையே. ஆகவே பெற்றோர் மதிப்பெண்ணையே கல்வியென எண்ணினால் அவர்களைக் குறை கூறுவதற்கில்லை.

மாற்று வழியொன்றைத் தமிழகம் முயன்று பார்த்ததுண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவிற்று. பாடங்கள் ஏணிப் படிகளாக வகுக்கப்பட்டன. பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே கண்டு, அதற்குரிய அட்டையை எடுத்துப் பாயில் அமரும்; தன் வருகையையும் தானே பதியும். தேர்வுக்கான அட்டையும் அவ்வேணியிலேயே இருந்தது. இது நமக்குப் புதிதன்று. மக்தபில் அலிஃப் பே ஓதுபவனும் குர்ஆனில் பாதி கடந்தவனும் ஒரே பாயில்தானே அமர்கின்றனர்! ஆனால் அங்கே உஸ்தாத் காதால் கேட்காமல் மறு பாடம் கிடையாது. ஹிப்ழு ஓதும் பிள்ளைக்குத் தான் விட்டுச் சென்ற ஆயத்துத் தெரியாது. அதற்கு இன்னொரு செவி வேண்டும். பல படிகளில் நிற்கும் பிள்ளைகளிடையே ஓராசிரியர் ஓடித் திரியும் வகுப்பில் அச்செவி வாய்ப்பது அரிது; அங்கே அட்டையை முடித்ததே பாடத்தை அறிந்ததாகிவிடும். அம்முறையில் நாம் காணும் குறை இதுவே.

அதற்காக, ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019-இல் பிறந்த ஆணையை நாம் ஏற்றோமில்லை. 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது நன்றே. பத்து வயதுப் பிள்ளைக்குக் கடைசி இன்ஸ்பெக்ஷன் மட்டும் வைத்து என்ன பயன்?

2021-இல் நோய்த்தொற்றால் பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது, பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அக மதிப்பீட்டிலிருந்து 30 என்று விழுக்காடு கூட்டி மதிப்பெண் வழங்கினர். வேறு வழியில்லை, உண்மைதான். எனினும் பன்னிரண்டாண்டுகள் படித்த மாணவனிடம், தன் கல்வியைப் பற்றித் தானே எழுதி வைத்த கணக்கென்று எடுத்துக் காட்ட ஒரு தாளுமில்லை என்பது அன்று வெளிப்பட்டது.

இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் முஹாசபாவுக்கெனத் தனி நூலே வகுத்தார். அதில் கணக்குக் கேட்பது முதற்படியன்று. வணிகன் கூட்டாளியோடு செய்வதுபோல மனத்தோடு முன்கூட்டியே நிபந்தனை பேசிக்கொள்வதே முதற்படி. எது தேற வேண்டுமென்று தொடக்கத்திலேயே பிள்ளைக்குச் சொல்லாமல், 'உன்னை நீயே மதிப்பிடு' என்பது கேஜ் கொடுக்காமல் துளையை அளக்கச் சொல்வதாகும்.

விடைபெறும்போது அவ்விளைஞர், பத்தாம் வகுப்பிலிருக்கும் தம் தம்பிக்கு எந்த டியூஷன் நல்லதென்று கேட்டார். "அவனை அழைத்து வா, எது வரவில்லை என்று அவனிடமே கேட்போம்" என்றோம்.

"அது அவனுக்குத் தெரியாதே, ஹழ்ரத்!" என்றார்.