யாளிக்கு வயிறு உண்டோ?

கற்பனைக்கு வரம்பும் உண்டோ என்று வினவுவார் உளர். உண்டு என்பதே நம் கட்சி. இல்லாத விலங்கொன்றைப் படைக்கப் புகும் எழுத்தாளன் அதற்குக் கொம்பும் சிறகும் கொடுக்கத் தயங்குவதில்லை; வயிறு கொடுக்க மட்டும் மறந்துவிடுகின்றான். தோட்டப் பள்ளிகளின் ஆண்டு மலர்களிலும், நகரத்து மன்றங்கள் நடத்தும் கதைப் போட்டிகளுக்கு வரும் கைப்படிகளிலும் இப்பொழுது டிராகன்கள் மலிந்து கிடக்கின்றன. திரைப்படமும் கைப்பேசி விளையாட்டும் செய்த வேலை இது. அதைக் குறை கூற நாம் வரவில்லை. விவிலியத்தைத் தமிழாக்கினோர் வலுசர்ப்பம் என்று பெயரிட்டதும், சிரம்பான் சீனக் கோயில்களின் கூரைமேல் நெளிந்து கிடப்பதுமான அவ்வுருவைத் தமிழ்ச் சிறுவன் எழுதலாகாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் நாம் படித்தவற்றுள் பெரும்பாலானவற்றில் அவ்விலங்கு தோன்றுகிறது, தீயைக் கக்குகிறது, வீரன் கையால் மாள்கிறது. இடையில் ஒருவேளையேனும் உண்டதாகவோ, உறங்கியதாகவோ, குஞ்சு பொரித்ததாகவோ குறிப்பில்லை. உண்ணாத ஒன்றை உயிர் என்று எங்ஙனம் நம்புவது?

விலங்கைப் புனைவதற்கு ஒட்டுவேலை போதும் என்னும் எண்ணம் மிகப் பழையது. இத்தாலிய ஓவியர் லியொனார்டோ டாவின்சி தம் குறிப்பேடுகளில் இதற்கொரு வழியே எழுதி வைத்தார்: நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, ஆமையின் கழுத்து என்று உள்ள விலங்குகளின் உறுப்புகளைக் கூட்டினால் இல்லாத டிராகனும் இயற்கையாகத் தோன்றும் என்பது அவர் கொள்கை. சீனர் மரபும் அவ்வாறே மான் கொம்பு, கெண்டைச் செதில், கழுகு நகம் என்று கூட்டிச் செல்கிறது. ஓவியனுக்கு இது போதும். அவன் விலங்கு சுவரில் அசையாது நிற்பது. கதையில் வருவதோ நடக்க வேண்டும், பசிக்க வேண்டும்.

நம் சிற்பிகளும் ஒட்டியவர்களே. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் மதுரையில் எடுப்பித்த புதுமண்டபத்திலும், வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்திலும் தூண்தோறும் பாய்ந்தெழும் யாளிகளைக் காண்க. சிங்க முகம், குதிரை உடல், சிலவற்றிற்கு யானைத் துதிக்கை. வாய்க்குள் உருளும் கல்லுருண்டை, வெளியே எடுக்க முடியாதது. உளியின் திறமைக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆயினும் விலங்காக எண்ணிப் பார்க்குங்கால் துதிக்கையுள்ள யாளி நமக்கு இடர் தருகிறது. யானையின் தலை பெரிது, கழுத்து குறுகியது. தரையிலுள்ள புல்லுக்கும் நீருக்கும் அதன் வாய் எட்டாது. ஆகவே மூக்கு நீண்டு கையாயிற்று. குதிரையைப் போல் வளையும் கழுத்துடைய ஒன்றுக்கு அக்கை எதற்கு? மேலும், கடித்துக் கொல்லும் விலங்கின் வாய்க்கு முன்னே ஒரு சதைத்தூண் தொங்கினால் முதலில் கடிபடுவது அதுவேயன்றோ? சிற்பியின் யாளிக்குக் கூரை தாங்குவதே தொழில் என்று விடை சொல்லலாம். ஒப்புக்கொள்கிறோம். தூணுக்கு வயிறு வேண்டியதில்லை.

இனிச் சங்கப் புலவரிடம் செல்வோம். இங்கேதான் நாம் வியந்து நின்றோம். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார், இளமையிலேயே வெண்ணிப் போரில் இரு வேந்தரை வென்ற கரிகாலனுக்கு யாளிக் குட்டியை உவமை காட்டுகிறார். அக்குட்டி தாய்ப்பால் மறவாத பருவத்தது. தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொல்கிறது. புலவர் அதன் முகத்தையோ வாலையோ வருணிக்கவில்லை. ஆனால் எத்தனை செய்திகள்! யாளி குட்டி ஈனும், முட்டையிடாது. பால் கொடுக்கும். குட்டி வேட்டை தொடங்குவதற்கு ஒரு பருவம் உண்டு. உயிர்நூல் கற்றார் ஒரு பக்கம் எழுதிச் சொல்வதை உவமை ஒன்று சொல்லிவிட்டது.

அகநானூற்றில் யாளி யானையின் கொம்பைப் பிடுங்கி அதன் குருத்தைத் தின்பதாக ஓரிடம் வருகிறது. வெறும் புளுகு என்று தள்ளுவார் யானைக் கொம்பைக் குறுக்கே அறுத்துப் பார்க்கட்டும். வேர்ப்பக்கம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீளம் உள்ளே பொள்ளல். அதில் நரம்பும் குருதியும் செறிந்த மென்சதை. யானையின் கொம்பை அறிந்தவன் பாடிய பாட்டு அது. உண்மையான யானை பொய்யான யாளியை நம்பவைக்கிறது. நற்றிணையில், புலியைக் கொன்ற யானையை யாளி இழுத்துச் செல்கிறது. யாரை யார் உண்பது என்னும் காட்டு வரிசை முழுவதும் அவ்வொரு பாட்டில் நிற்கிறது.

கிராணி வேலை பார்ப்பவர்க்குக் கணக்குப் பித்து எளிதில் விடாது. செக்ரோலை மூடிவைத்துவிட்டு யாளிக்கும் ஒரு பற்றுவரவு போட்டுப் பார்த்தோம். 10,000 கிலோ இரைவிலங்கு உள்ள காட்டில் சுமார் 90 கிலோ ஊனுண்ணியே வாழ இயலும் என்று 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. யாளியின் எடை 1 டன் என்று வைப்போம். யானையை இழுப்பதற்கு அவ்வளவேனும் வேண்டும். அப்படியானால் ஒரேயொரு யாளிக்கு 110 டன் இரை காட்டில் நடமாட வேண்டும். யானை ஒன்று 3 டன் எனக் கொண்டால் ஏறத்தாழ 37 யானை. ஒரு குடும்பம் யாளி வாழ நூற்றுக்கணக்கான யானைகள்! ஆகவே யாளி மிக அரிதாகவே இருந்தாக வேண்டும். ஆழ்ந்த மலைக்காட்டில் மட்டுமே இருந்தாக வேண்டும். அதை நேரில் கண்டவர் சிலராகவே இருந்தாக வேண்டும். பாட்டும் அதையே சொல்கிறது. கணக்கு இடிக்கவில்லை.

இடிக்கவில்லை என்றதும், யாளி மெய்யாகவே வாழ்ந்தது என்று முழங்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. கோயில் தூண்களைச் சான்று காட்டி, தமிழர் கண்ட பழைய விலங்கு இது, அழிந்துபோயிற்று என்று படத்தோடு பரப்புகின்றனர். சிவாலிக் குன்றுகளில் பழங்கால யானை இனங்களின் எலும்புகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றைத் தின்றதாகச் சொல்லப்படும் யாளியின் பல் ஒன்றேனும் கிடைத்ததா? இல்லை. கற்பனையை வரலாறு என்று விற்பது, பாம்பின் தலையில் நாகரத்தினம் இருக்கிறதென்று கண்ணாடிக் கல்லைக் காசாக்குவதற்கு ஒப்பானது. பாம்பின் தலையில் பல் உண்டு, நச்சுப்பை உண்டு, மணி இல்லை. இவ்வாறு முழங்குவோர் தமிழுக்குப் பெருமை தேடுவதாக எண்ணுகின்றனர். கண்டதை எழுதினான் என்று சொல்லிப் புலவனின் படைப்பாற்றலைப் பறிப்பதுதான் அவர்கள் செய்வது.

டிராகனுக்குத் திரும்புவோம். நான்கு கால், அவற்றின்மேல் இரண்டு சிறகு. ஆக ஆறு உறுப்பு. முதுகெலும்புள்ள விலங்குகளில் நான்குக்கு மேல் கிடையாது. பறவைக்கும் வௌவாலுக்கும் முன்கைகளே சிறகாயின. 2013ஆம் ஆண்டின் ‘ஹாபிட்’ திரைப்படத்தில் ஸ்மாக் என்னும் டிராகன் முன்கைகளையே சிறகாகக் கொண்டு வந்ததன் பொருத்தம் இதுதான். ஆனால் கையை இழக்காமலே சிறகு பெற்ற ஒன்று நம் ரப்பர் நிரைகளிலேயே இருக்கிறது. மரத்துக்கு மரம் தாவி மிதக்கும் பறக்கும் ஓணானைப் பால்வெட்டுக்குப் போன எவர் கண்டிலர்? மலாய்க்காரர் சிச்சாக் குபின் என்பர். லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் அவ்வினத்துக்கு டிராக்கோ என்றே பெயரிட்டார். அதன் விலா எலும்புகளுள் சில நீண்டு, தோலை விரித்து இறக்கையாகின்றன. மிதக்கும்போது முன்கைகளால் அவ்விறக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2017ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். எறும்பு தின்னும், பெண் தரைக்கு இறங்கி மண்ணில் குழி தோண்டி முட்டையிடும். ஒரு சாண் அளவுள்ள இதை ஆனையளவு பெருக்கினால் பறக்காது, விழும். ஏனெனில் நீளம் இருமடங்கானால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. அமெரிக்காவின் டெக்சாஸில் எலும்பாகக் கிடைத்த, 1975ஆம் ஆண்டில் குவெட்சால்கோட்லஸ் எனப் பெயர் பெற்ற பறக்கும் ஊர்வன, சிறகு விரித்தால் 10 மீட்டர் இருந்தது. உயிர் எட்டிய உச்சம் அதுவெனலாம். டிராகன் எழுதுவோர் அதற்குள் நிற்பது நலம்.

தீயைப் பற்றியும் கேட்பர். தீ கூடாதென்று நாம் சொல்லவில்லை. எங்கிருந்து வருகிறது என்றே கேட்கிறோம். தோட்டத்து உமிழ்நாகம் நஞ்சைப் பீய்ச்சுகிறது. பல்லின் முன்பக்கத் துளையும் பையை அழுத்தும் தசையும் அதற்கு உண்டு. கண்ணைக் குறிபார்க்கவும் தெரியும். குண்டெறி வண்டு என்னும் பூச்சி இரண்டு மருந்துகளைத் தன் உடலில் சேமித்து, பகை வரும்போது ஓர் அறையில் வினைபுரியச் செய்து, கொதிநீரின் வெம்மையோடு தெறிக்கிறது. பை, அறை, துளை, இவை சேர்ந்த பின்னரே தீ. மருந்து தீர்ந்தால் மீண்டும் ஊற நேரமும் வேண்டும். அந்த நேரத்தில்தான் வீரனுக்கு வாய்ப்பு. கதைக்கும் அங்கேதான் உயிர்.

பாடமா கதையா இது என்று முகம் சுளிப்போர்க்கு ஒன்று சொல்வோம். முடத்தாமக்கண்ணியார் பாடம் நடத்தவில்லை. பால்குடி மறவாத குட்டி என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். மற்றவை அவர் நெஞ்சில் இருந்தன. அண்டை நாட்டுக் கொமோடோத் தீவில் 1912ஆம் ஆண்டில் அறிவியலார் பெயரிட்ட 3 மீட்டர்ப் பல்லி, ஒரே வேளையில் தன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தின்றுவிட்டு நாட்கணக்கில் சோம்பிக் கிடக்கும். இவ்வொரு செய்தி தெரிந்த சிறுவன், தின்று களைத்த டிராகனின் பக்கத்தில் தன் வீரனை நள்ளிரவில் நடக்கவிடுவான். தெரியாதவன் மீண்டும் தீயையே கக்கவைப்பான்.

யாளியின் கதை இன்னும் மிச்சமிருக்கிறது. காடு செம்பனையான பின், யானை அருகிய பின், அது எதைத் தின்னும்? எருமையையா, லாரியில் ஏற்றும் பழக்குலையையா, அல்லது குட்டி ஈனாமல் இருந்துவிடுமா? எவரும் எழுத நாம் கண்டிலோம். எழுத முன்வருவோர்க்குக் கணக்கை நாமே போட்டுத் தருகிறோம்.