மீள்வரவும் இயக்கமும்: அருவ ஓவியத்தில் ஓர் அமைப்பாய்வு

ஒரே வடிவம் ஒரு பரப்பில் மீண்டும் மீண்டும் வருதலை மீள்வரவு என்றும், அசையாத அப்பரப்பில் அசைவு தோன்றுதலை இயக்கம் என்றும் ஓவிய நூலார் கூறுவர். இவ்விரண்டையும் வெவ்வேறு நெறிகளாக எண்ணி வரிசைப்படுத்துதல் பாடநூல்களின் வழக்கம். மீண்டும் வரும் வடிவத்தின் ஒரு கூறு நிலைத்து நிற்க, மற்றொரு கூறு மாறும்போது பிறக்கும் விளைவே இயக்கம் என்பது நம் கருத்து. இதனை ஆராய்வதற்கு மனிதர், மரம், மனை முதலிய உருவங்களைக் காட்டாத அருவ ஓவியமே ஏற்றது. ஓடும் குதிரையை வரைந்த ஓவியத்தில், இயக்கவுணர்வு குதிரையைப் பற்றிய நம் முன்னறிவினின்றும் வரலாம். அருவ ஓவியத்திற்கு அத்துணை இல்லை. அதன் இயக்கம் முழுவதும் அமைப்பினின்றே வரல் வேண்டும்.

ஆங்கில ஓவியர் பிரிட்ஜெட் ரைலி 1961-இல் வரைந்த 'சதுரங்களில் இயக்கம்' என்னும் ஓவியத்தை முதற்கண் எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 123 செ.மீ. உயரமும் 121 செ.மீ. அகலமும் உடைய பரப்பில், கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கட்டங்களைத் தவிர வேறெதுவும் இல்லை. இடப்புறத்தில் அவை சதுரங்க ஆட்டத்தின் கட்டங்களை ஒத்துள்ளன. வலப்புறம் செல்லச் செல்ல ஒவ்வொரு நிரலின் அகலமும் குறைகின்றது, உயரமோ குறைவதில்லை. நடுவைக் கடந்து சற்று வலப்புறத்தே கட்டங்கள் கீற்றளவாக ஒடுங்கிப் பின்னர் மீண்டும் விரிகின்றன. தட்டையான பரப்பு அவ்விடத்தில் உள்வாங்கி மடிவது போலக் காண்போர்க்குத் தோன்றுகின்றது.

இத்தோற்றத்திற்குக் காரணம் யாது? உயரமும் அகலமும் மாறாதிருப்பின் எஞ்சுவது சதுரங்கக் கட்டமே. கண் அதில் எவ்விடத்தும் அமைதியாக நின்றுவிடலாம். இரண்டும் நெறியின்றி மாறுமாயின், முன்னதைக் கொண்டு பின்னதை அளத்தற்கு ஓர் அளவுகோல் இராது. உயரம் நிலைத்தமையால் அகலத்தின் குறைவு குறைவாகவே உணரப்படுகின்றது. நிறம் முறை தவறாது மாறுதலால், அடுத்து வருவது இன்னது என்னும் எதிர்பார்ப்பும் உண்டாகின்றது. அவ்வெதிர்பார்ப்பு ஒவ்வொரு நிரலிலும் சிறிதே பிறழ, அப்பிறழ்ச்சியின் தொடர்ச்சி இயக்கமாகின்றது. 1963-இல் அவர் வரைந்த 'வீழ்ச்சி' என்னும் ஓவியத்திலும் இவ்வமைப்பைக் காணலாம். ஆண்டு ஒரே வளைகோடு பக்கம் பக்கமாக மீள்கின்றது. அதன் வளைவுகள் மேற்பகுதியில் நெகிழ்ந்தும் கீழ்ப்பகுதியில் நெருங்கியும் நிற்கின்றன.

அணியிலக்கணம் பயின்றார்க்கு இந்நெறி முற்றும் புதியதன்று. தண்டியலங்காரம் கூறும் பின்வருநிலையணியில், சொல் மீண்டு வந்து பொருள் வேறுபடுதல் ஒரு வகை. பொருள் மீண்டு வந்து சொல் வேறுபடுதல் மற்றொரு வகை. நிற்பதொன்றும் மாறுவதொன்றும் இவற்றில் தெளிவாக உள. ஆயினும் ஒப்புமையை அளவுக்கு மேல் நீட்டுதல் தகாது. சொல்லும் பொருளும் ஒருங்கே மீளும் மூன்றாம் வகையும் அங்கு உண்டு. அதில் மாறுவது அச்சொல் தொடரில் நிற்கும் இடமே. செய்யுள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலத்தில் நிகழ்வது ஆதலின், அவ்விடமாற்றமே அதற்குப் போதும். ஓவியம் ஒருங்கே கண்முன் நிற்பது ஆதலின், அதற்கு இடமாற்றத்தின் மேலும் ஒரு மாற்றம் வேண்டும்.

படிப்படியான மாற்றம் இல்லாத இடத்தும் இயக்கம் உண்டன்றோ எனின், உண்டு. டச்சு ஓவியர் பியெட் மோந்திரியான் 1940-இல் நியூயார்க் சென்று, 1942–43-இல் வரைந்த 'பிராட்வே பூகி வூகி' அதற்குச் சான்று. 127 செ.மீ. பக்கமுள்ள அச்சதுர ஓவியத்தில் மஞ்சட் கோடுகள் நெடுக்கும் குறுக்குமாகச் செல்கின்றன. சிவப்பு, நீலம், சாம்பல் நிறச் சிறு கட்டங்கள் அவற்றை இடையிடையே துண்டிக்கின்றன. கோட்டின் நேர்மை நிலைத்து நிற்க, இடைவெளியும் நிறமும் எதிர்பாரா வகையில் மாறுகின்றன. பெயர் தந்த இசையும் அத்தகையதே: பியானோவில் இடக்கை ஒரே தாளக்கட்டை விடாது வாசிக்க, வலக்கை அதன்மேல் புதியன புனையும். ஆகவே ரைலியின் ஓவியத்தில் உள்ளதை ஒழுகும் இயக்கம் என்றும், மோந்திரியானின் ஓவியத்தில் உள்ளதைத் துள்ளும் இயக்கம் என்றும் வேறுபடுத்தலாம். நிற்பதொன்று இருத்தல் இரண்டிற்கும் பொது.

இவ்வகை ஓவியம் கண்ணை மயக்கும் தந்திரமே என்பாரும் உளர். 1965-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் 'மறுமொழி தரும் கண்' என்னும் பெயரால் நடைபெற்ற காட்சியில் ரைலியின் ஓவியங்களும் இடம்பெற்றன. அக்காலத்தில் அவர்தம் கோலங்கள் ஆடைகளில் அச்சேற, அவர் அதனை எதிர்த்தார். அவ்வெதிர்ப்பை உரிமைச் சிக்கலாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. துணியில் தொடர்ந்து அச்சிட்ட கோலத்தை எங்கு வெட்டினும் குறை தோன்றாது. எவ்வளவு நீட்டினும் மிகை தோன்றாது. 'சதுரங்களில் இயக்கம்' என்னும் ஓவியத்தில் இடப்புறத்துச் சதுரங்களை நீக்கின், ஒடுக்கத்தை அளந்தறிய முதலளவு இராது. ஒடுங்கும் இடத்தை நீக்கின், இயக்கமே இராது. ஒடுக்கத்தைப் பலவிடத்தும் அடுக்கின், அது நிகழ்ச்சி என்னும் தகுதியை இழக்கும். கண்கூச்சம் உண்மையே; நெருங்கிய கருப்பு வெள்ளைக் கோடுகள் எவையும் அதனைத் தரும். ஆதலின் அதனை ஓவியத்தின் சிறப்பாகக் கொள்ளுதலும் குற்றமாகக் கொள்ளுதலும் ஒருங்கே பிழையாம். 1959-இல் பிரெஞ்சு ஓவியர் சூராவின் பாலக்காட்சி ஒன்றைப் படியெடுத்து, சிறு புள்ளிகளின் வைப்புமுறையைப் பயின்றவர் ரைலி என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

எனவே அருவ ஓவியத்தைத் திறனாய்வோர், இது எதனைக் காட்டுகின்றது என்னும் வினாவோடு நின்றுவிடலாகாது. எது நிற்கின்றது, எது மாறுகின்றது, எந்த அளவில் மாறுகின்றது, எவ்விடத்தில் திரும்புகின்றது என்னும் நான்கையும் வினவுதல் வேண்டும். விடை கிடைக்கும் ஓவியத்தில் மீள்வரவு இயக்கமாகும்; கிடைக்காத ஓவியத்தில் அது வெறும் நிரப்பீடாக எஞ்சும்.