ஊவாக் காற்றும் உள்ளங்கை ரிசீவரும்

வெலிமடைக்காரனுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றிப்போய்க் கச்சானாக வந்து சேரும். ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை இது வீசுகிற நாட்களில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் ஏறுகிறது. தேயிலைக்காரர்கள் கொண்டாடுகிற அதே காற்றை மரக்கறித் தோட்டக்காரர்கள் திட்டித் தீர்ப்பார்கள். தகரக் கூரைமேல் கல் தூக்கி வைப்பவர்களும் திட்டுவார்கள். நானோ அந்த மாதங்கள் எப்போது வரும் என்று வருஷம் முழுக்கக் காத்துக் கிடக்கிறேன். என்னிடம் இருப்பது மோட்டர் இல்லாத விமானம்!

பாத்தியில் வேலையாக நின்ற பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் கேட்டார்: "என்னடா தம்பி அது, டிரோனா?"

"இல்லண்ணே, கிளைடர். மோட்டர் கிடையாது."

"மோட்டர் இல்லாம எப்புடிடா மேல நிக்கும்?"

நல்ல கேள்வி. காற்று ஒரு மலைச்சரிவில் மோதினால் அதற்குப் போக வேறு வழியில்லை, சரிவோடு சேர்ந்து மேலே ஏறித்தான் ஆகவேண்டும். கிளைடர் தன் எடையால் எப்போதும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது இறங்குகிற வேகத்தைவிடக் காற்று ஏறுகிற வேகம் கூடுதலாக இருந்தால் போதும், காற்று ஓயும்வரை மேலேயே நிற்கும். பத்தனைப் புல்வெளி மூடிய, மரமில்லாத, காற்றுக்கு முகம் காட்டுகிற ஒரு சரிவுதான் வேண்டும். ஊவாவில் அதற்கா பஞ்சம்!

ஆனால் நான் இங்கே புகழ வந்தது காற்றை அல்ல, ரிசீவரை. கிளைடருக்குள் கரண்டில் வேலை செய்வது மூன்றே சாமான்: பெட்டரி, இறக்கையின் மடிப்புகளை அசைக்கும் சேர்வோ, ரிசீவர். இதில் என் விரலின் அசைவை வானத்தில் வாங்கிக்கொள்வது ரிசீவர் மட்டும்தான். இறக்கையை ரெஜிபோமில் வெட்டலாம், வால் கோணலாக இருந்தால் டேப் ஒட்டி நிமிர்த்தலாம், அதெல்லாம் பறந்துவிடும். ரிசீவரை ஒழுங்காகப் பூட்டாவிட்டால் பறக்கும், திரும்பி வராது.

என்னிடம் இருப்பது பிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ரிமோட்டும் அதோடு வரும் ஐஏ6பி ரிசீவரும். ஆறு சேனல், 2.4 கிகாஹெர்ட்ஸ், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, எடை சுமார் 15 கிராம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உலகம் முழுக்கச் சிபாரிசு செய்யப்படும் மலிவான செட்களில் இதுவும் ஒன்று. மலிவு என்று யாராவது முகம் சுளித்தால் எனக்குக் கோபமே வரும். 1930களின் கடைசியில் அமெரிக்காவின் குட் சகோதரர்கள் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை ரேடியோவில் ஓட்டினார்கள். அன்றைக்கு ரிசீவர் என்றால் வால்வு போட்ட பாரமான பெட்டி. பிறகு வந்த 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் காலத்தில் ஆளுக்கொரு கிரிஸ்டல். ஒரே அலைவரிசையில் இன்னொருவர் ரிமோட்டைப் போட்டுவிட்டால் உங்கள் விமானம் தரையில்தான். இன்றைக்கு என் ரிசீவர் என் ரிமோட்டின் அடையாளத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, அலைவரிசை விட்டு அலைவரிசை தாவியபடி அதன் பேச்சை மட்டும் கேட்கிறது. பக்கத்தில் இன்னும் ஐந்து பேர் நின்று பறக்கவிட்டாலும் கவலையில்லை.

அந்த அடையாளத்தைப் பதிவதற்குப் பெயர்தான் பைண்ட். குசினி மேசையில் வைத்துச் செய்கிற வேலை. ரிசீவரில் பி/விசிசி என்று எழுதியிருக்கும் சொக்கெட்டில் பைண்ட் பிளக்கைச் செருகி, வேறொரு சொக்கெட்டில் பெட்டரியைக் கொடுத்தால் சிவப்பு விளக்கு படபடவென்று துடிக்கும். ரிமோட்டின் பைண்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ரிமோட்டைப் போடவேண்டும். விளக்கின் துடிப்பு மாறும். பைண்ட் பிளக்கைக் கழற்றி, பெட்டரியை அதன் இடத்தில் செருகி மறுபடி போட்டால் விளக்கு அசையாமல் நின்று எரியும். அப்போது ரிமோட்டின் குச்சியை லேசாகத் தள்ளுங்கள். மேசையின் மறுபக்கம் கிடக்கிற சேர்வோ 'கிர்ர்' என்று திரும்பும். வயர் ஏதும் இல்லாமல் அது திரும்புகிறதே, அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் பழசாகவில்லை.

பெட்டரி விஷயத்தில் கிளைடர்காரனுக்கு ஒரு அதிர்ஷ்டம். மோட்டர் இல்லாததால் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி எதுவும் வேண்டாம். நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் செல்களைத் தொடுத்தால் 4.8 வோல்ட். இந்த ரிசீவருக்கு 4 முதல் 6.5 வோல்ட் வரை ஒத்துவரும், ஆகவே நேரடியாகச் செருகிவிடலாம். 7.4 வோல்ட் லிப்போ பெட்டரியை மட்டும் இடையில் ஒன்றும் வைக்காமல் கொடுத்துவிடாதீர்கள். செல்களின் பாரமும் வீண்போவதில்லை. கிளைடருக்கு எப்படியும் மூக்கில் எடை வேண்டும், பெட்டரியை அங்கே வைத்தால் ஈயத்துண்டு தேடும் வேலை குறைகிறது. ரிசீவருக்குப் போகும் வோல்ட் ரிமோட்டின் திரையிலேயே தெரிவது இன்னொரு வரம். கீழே நின்றபடியே மேலே பறப்பதன் பெட்டரியைப் பார்க்கலாம்!

என்னுடையது வாலில்லாத பறக்கும் இறக்கை. இரண்டு 9 கிராம் சேர்வோ, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் இரண்டு மடிப்புகள். ஒவ்வொரு மடிப்பும் ஏறவும் இறங்கவும் உதவவேண்டும், திரும்பவும் உதவவேண்டும். அதனால் சேர்வோக்களை முதலாம், இரண்டாம் சேனல்களில் செருகி, மெனுவில் எலிவன் என்பதைப் போட்டுவிட வேண்டும். கணக்கை ரிமோட் பார்த்துக்கொள்ளும். பிறகு விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் இரண்டு மடிப்பும் மேலே வரவேண்டும், வலப்பக்கம் தள்ளினால் வலது மடிப்பு மேலே, இடது மடிப்பு கீழே. மாறி நடந்தால் ரிவர்ஸ் மெனுவில் திருப்பிக்கொள்ளலாம்.

அடுத்தது அன்டெனா. நான் மணிக்கணக்காகப் பேசக்கூடிய இடம் இது. ரிசீவரிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் வருகின்றன. உண்மையில் அலையைப் பிடிப்பது அவற்றின் நுனியில் உறை உரிந்திருக்கும் சுமார் 3 சென்டிமீட்டர்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் கால்வாசி. அந்த நுனியை மடிக்கவோ வெட்டவோ கூடாது. இரண்டு நுனிகளையும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வைக்கவேண்டும். விமானம் சரிந்து திரும்பும்போது ஒன்று அலைக்குத் தன் முனையைக் காட்டிச் செவிடாகிப் போனாலும் மற்றது கேட்டுக்கொண்டிருக்கும். நான் இறக்கையின் போமைக் கத்தியால் மெல்லக் கீறி, ஒரு நுனியை முன்பின்னாகவும் மற்றதைக் குறுக்காகவும் படுக்கவைத்து டேப் ஒட்டியிருக்கிறேன். போம் ரேடியோ அலையை மறைக்காது. கார்பன் கம்பி மறைக்கும், பெட்டரியும் மறைக்கும். அவை இரண்டும் ஒருபுறம் என்றால் அன்டெனா மறுபுறம்.

இனி ஃபெயில்சேஃப். சிக்னல் அறுந்தால் ரிசீவர் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. மோட்டர் உள்ள விமானத்தில் மோட்டரை நிறுத்தச் சொல்வார்கள். கிளைடரில் நிறுத்த என்ன இருக்கிறது? சொல்லிவைக்காவிட்டால் அது காற்றோடு போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் தோட்டம் தோட்டமாக விசாரித்துத் திரியவேண்டும். ரிமோட்டில் ஆர்எக்ஸ் செட்டப் மெனுவுக்குள் ஃபெயில்சேஃப் இருக்கிறது. குச்சியைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் ஒருபக்கம் சாய்த்துப் பிடித்தபடி அந்த நிலையைப் பதிந்துவிட்டால், சிக்னல் போனதும் விமானம் மெதுவாக வட்டமிட்டுக்கொண்டு அருகிலேயே இறங்கப் பார்க்கும். பதிந்த பிறகு விமானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மடிப்புகள் தாமாகவே அந்த நிலைக்குப் போய் நிற்கும். மலைநாட்டில் இந்த ஏற்பாடு கட்டாயம். இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கண்ணுக்கு எட்டுகிற நேர்க்கோட்டில்தான் போகும், மேட்டுக்குப் பின்னால் விமானம் மறைந்தால் ரிசீவருக்கும் நீங்கள் மறைந்துவிடுவீர்கள்.

மலைக்குப் போனதும் முதல் வேலை தூரச் சோதனை. தம்பி விமானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் குச்சியை அசைத்துக்கொண்டே நடப்பேன். மடிப்பு ஒழுங்காக அசைகிறவரை அவன் கையை உயர்த்தியே வைத்திருக்கவேண்டும். பிறகு சரிவின் முன்விளிம்புக்கு வந்து, காற்றை முகத்தில் வாங்கி நின்று, மூக்கைத் துளி தாழ்த்தி எறிந்தால் விமானம் ஒரு கணம் தயங்கும், அடுத்த கணம் கண்மட்டத்துக்கு மேலே! கீழே லயக் கூரைகள், தேயிலை மலை, அதற்கும் கீழே கரட் பாத்திகள். சத்தமே கிடையாது, இறக்கை காற்றைக் கிழிக்கிற மெல்லிய சீறல் மட்டும். வளைந்து திரும்பும்போது என் கட்டைவிரல் நினைப்பதை அது செய்கிறது. குசினி மேசையில் செருகின அந்த வயர்கள் செய்கிற மாயம் இது.

இதன் எல்லை எதுவரை போகும் தெரியுமா? 2021இல் ஸ்பென்சர் லிசன்பி என்பவர் கலிபோர்னியாவில் ஒரு மலையின் பின்பக்கத்தில் மேலே வீசும் வேகக் காற்றுக்கும் கீழே அடங்கிய காற்றுக்கும் உள்ள வேக வித்தியாசத்தை வைத்தே தன் கிளைடரை மணிக்கு 882 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். மோட்டர் இல்லை. உள்ளே இருந்தது இதே மூன்று சாமான்தான்: பெட்டரி, சேர்வோ, ரிசீவர். நமக்கு மலையின் பின்பக்கம் வேண்டாம். அங்கே காற்று உருண்டு கீழே அமுக்கும், புதியவர்கள் முன்பக்கத்திலேயே நிற்பது நல்லது.

சேர்வோ, ரிசீவர், போம் என்று தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தியத்தலாவைப் பக்கம் இராணுவ, விமானப்படை முகாம்கள் உண்டு, அங்கே எதையும் பறக்கவிடாதீர்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், தோட்டத்துக்குள் போவதென்றால் தோட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். காசைக் கொட்ட வேண்டியதில்லை, மலிவான ஆறு சேனல் செட் ஒன்றே வருஷக்கணக்கில் உழைக்கும். காற்றுக்கு ஊவாவில் யாரும் காசு கேட்பதில்லை. அடுத்த கச்சான் வருவதற்குள் ரிசீவரைப் பூட்டி வையுங்கள்.